அந்தமானில் பொழுது சாயும் நேரம்: வாசகர் கேள்வி – பதில்

அந்தமான் பயணம் குறித்துச் சென்ற இதழில் வெளிவந்த குறிப்பைப் படித்துவிட்டு வாசகர்கள் எழுதிய கடிதங்களில் பெரும்பாலானவை சூரிய அஸ்தமனத்தைப் பற்றியே கேட்டிருந்தன. இதில் வியப்பில்லை. நம் கிழக்குக் கரையில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கடல் என்றாலே விடியல்தான். மெரினாவிலும் நாகப்பட்டினத்திலும் திருச்செந்தூரிலும் சூரியன் கடலிலிருந்து எழுவதைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு, அது கடலுக்குள் இறங்குவது கன்னியாகுமரியிலோ கேரளக் கரையிலோ மட்டும் கிடைக்கும் அபூர்வக் காட்சி. ஆகவே இம்முறை அந்தியைப் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

சென்ற டிசம்பரில் குடும்பத்தோடு அந்தமான் சென்றிருந்தோம். ஆறு மணிக்கு மேல்தானே இருட்டும் என்று எண்ணி ஐந்தரை மணிக்குக் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தால், எல்லோரும் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். ஏன் இப்படி?
— பள்ளி ஆசிரியர், மதுரை

தங்கள் கடிதத்தைப் படித்ததும் மனம் வருந்தியது. இவ்வளவு செலவு செய்து, குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு போய், அரை மணி நேரத்தில் ஒரு மாலையைத் தவறவிடுவது சிறிய இழப்பு அன்று. இதே அனுபவத்தை எழுதிய வாசகர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். ஆகவே இதைச் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

நாடு முழுவதற்கும் நாம் ஒரே கடிகாரத்தை வைத்திருக்கிறோம். ஆனால் சூரியன் அப்படிப் பொதுவாக நடந்துகொள்வதில்லை. சென்னை கிழக்குத் தீர்க்கரேகை 80.3 பாகையில் இருக்கிறது. அந்தமானின் தலைநகரான போர்ட் பிளேர் (2024 முதல் அதன் அதிகாரப்பூர்வப் பெயர் ஸ்ரீ விஜயபுரம்) 92.7 பாகையில் இருக்கிறது. இடைவெளி ஏறக்குறைய 12.4 பாகை. பூமி ஒரு பாகை சுழல நான்கு நிமிடம் ஆகும் என்பதால், சென்னையைக் காட்டிலும் அங்கே பொழுது ஏறக்குறைய 50 நிமிடம் முன்னதாகவே சாய்ந்துவிடும். இரண்டு ஊர்களும் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய ஒரே தொலைவில் இருப்பதால், இந்த வேறுபாடு ஆண்டு முழுவதும் பெரிதாக மாறுவதில்லை. நவம்பர் மாதக் கடைசியில் மாலை 4.50 அளவிலேயே சூரியன் மறைந்துவிடும். டிசம்பர் மூன்றாம் வாரத்தில் ஐந்து மணியை ஒட்டி மறையும். ஆண்டிலேயே மிகத் தாமதமாக மறையும் ஜூலைத் தொடக்கத்தில்கூட 5.50ஐத் தாண்டாது. நீங்கள் போய்ச் சேர்ந்த ஐந்தரை மணி என்பது, அந்த மாதத்தில் அஸ்தமனம் முடிந்து அரை மணி நேரம் கழிந்த பொழுது.

வேறு எந்தக் கணக்கும் வேண்டாம். செய்தித்தாளில் சென்னைக்கு என்று போட்டிருக்கும் அஸ்தமன நேரத்திலிருந்து 50 நிமிடத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். அதற்கும் முக்கால் மணி நேரம் முன்னதாக உரிய இடத்தில் போய் அமர்ந்துவிடுங்கள். டிசம்பர் என்றால் நான்கு மணிக்கே மணலில் கால் பதித்திருக்க வேண்டும் என்று பொருள். மதியச் சாப்பாட்டை இரண்டரைக்குத் தள்ளிப்போட்டு, பிறகு அறையில் சிறிது படுத்து எழும் நம் ஊர் வழக்கம் அங்கே அந்திக்கு எதிரி. பயண ஏற்பாட்டாளர்கள் தரும் நிரலில் 'மாலை கடற்கரை' என்று மட்டும் எழுதியிருந்தால், எத்தனை மணிக்கு வண்டி கிளம்பும் என்பதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

எங்களுக்குத் தீவுகளில் மூன்று இரவுகள்தாம். ஒரே ஒரு அஸ்தமனத்தை மனம் நிறையப் பார்க்க வேண்டுமென்றால் எந்த இடத்தைச் சொல்வீர்கள்?
— வாசகி, கும்பகோணம்

தயங்காமல் ராதாநகர் என்று சொல்வேன். ஹேவ்லாக் தீவின் மேற்குப் பக்கத்தில் இருக்கும் கடற்கரை அது. 2018 முதல் அந்தத் தீவின் பெயர் சுவராஜ் தீவு. படகுச்சீட்டில் எந்தப் பெயர் இருந்தாலும் குழம்ப வேண்டாம். 2004இல் டைம் இதழ் ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று அதைக் குறிப்பிட்டது முதல் கூட்டமும் பெருகிவிட்டது. புகழ் பெற்ற இடங்கள் பலவும் நேரில் பார்க்கும்போது சற்றே ஏமாற்றும். இந்த இடம் ஏமாற்றவில்லை என்பதே என் அனுபவம்.

அதற்குக் காரணம் கடல் மட்டுமல்ல. சாலை முடிகிற இடத்திலிருந்து மணலுக்கு வரும்போது, நெடிதுயர்ந்த மரங்களின் நிழலுக்குள் நுழைந்துதான் வெளியே வரவேண்டும். கடல் இலுப்பை எனப்படும் மரங்கள் அவற்றுள் முக்கியமானவை. அந்த அரையிருட்டிலிருந்து வெளிப்பட்டதும், ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்குப் பிறைபோல் வளைந்த வெண்மணல் கண்முன் விரிகிறது. கட்டடங்கள் மரங்களை மீறித் தலைகாட்டுவதில்லை. மணல் மிக மென்மையானது. கரை மெல்லச் சரிவதால், அலை பின்வாங்கியதும் ஈரமான ஒரு பட்டை சில கணங்கள் கண்ணாடியாகக் கிடக்கும். வானத்தில் என்ன நிறம் ஏறுகிறதோ அதே நிறம் உங்கள் காலடியிலும் ஏறும். அங்கே அந்தியை இருமுறை பார்க்கிறோம்.

நான் போயிருந்த மாலை, சூரியன் இறங்கக் காத்திருந்த நேரத்தில் என் அருகில் மணலே அசைவதுபோலத் தோன்றிற்று. குனிந்து பார்த்தால், விரல் நகத்தைவிடச் சிறிய நண்டுகள். ஒவ்வொன்றும் தன் வளையின் வாயிலிலிருந்து புறப்பட்டு, ஈர மணலை வாயில் அள்ளி, அதிலிருக்கும் உணவை மட்டும் சலித்தெடுத்துக்கொண்டு, மிச்சத்தை மிளகு அளவு உருண்டையாக்கிப் பின்னால் தள்ளிக்கொண்டே போயிற்று. வளையைச் சுற்றிக் கதிர்கதிராக நீளும் அந்த உருண்டை வரிசைகளைப் பார்த்தால் மார்கழிக் காலையில் வாசலில் புள்ளி வைத்ததுபோலவே இருக்கும். ஒரு காலடி ஓசை கேட்டால் போதும், அத்தனையும் வளைக்குள் மறைந்துவிடும். அசையாமல் இருந்தால் ஒரு நிமிடத்தில் திரும்பவும் வேலை தொடங்கும். அடுத்த ஏற்றத்தில் கடல் வந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் போகும்.

இனி நடைமுறைக்கு வருகிறேன். படகுத்துறையிலிருந்து ராதாநகர் ஏறக்குறைய 12 கிலோமீட்டர், தீவின் மறுபக்கத்தில் இருக்கிறது. தங்கும் விடுதிகளில் பெரும்பாலானவை கிழக்குக் கரையில், கோவிந்த நகர், விஜய நகர் பக்கமாக இருப்பதால், விடியலை அறை வாசலிலேயே பார்த்துக்கொள்ளலாம். அந்திக்குத் தீவைக் கடந்தே ஆகவேண்டும். ஆட்டோவில் சென்றால் திரும்பி வரவும் அதே வண்டியைப் பேசி நிறுத்திக்கொள்ளுங்கள். இருட்டிய பிறகு அங்கே வண்டி தேடுவது கடினம். நுழைவாயிலை ஒட்டித்தான் கூட்டம் குவிந்திருக்கும். மணலில் பத்து நிமிடம் நடந்தால் அமைதி கிடைத்துவிடும்.

இன்னொன்றையும் தவறாமல் கவனியுங்கள். போர்ட் பிளேரிலிருந்து காலைப் படகில் ஹேவ்லாக் வந்து மாலைப் படகில் திரும்பும் ஒருநாள் பயணத்தில் ராதாநகரை வெயிலில் பார்க்கலாமே தவிர, அந்தியில் பார்க்க முடியாது, ஏனெனில் படகுகள் பொழுது சாய்வதற்கு முன்பே புறப்பட்டுவிடும். மூன்று இரவுகளில் ஒன்றையாவது அந்தத் தீவுக்கென்று ஒதுக்குங்கள்.

வயதான அம்மாவால் படகுப் பயணம் தாங்க முடியாது. போர்ட் பிளேரிலேயே தங்கினால் நல்ல அஸ்தமனம் பார்க்க வழி உண்டா?
— வங்கி ஊழியர், திருச்சி

தாராளமாக உண்டு. நகரத்தை ஒட்டிய கார்பின்ஸ் கோவ் கடற்கரைக்கு எல்லோரும் அழைத்துச் செல்வார்கள். அழகான இடம்தான், ஆனால் கிழக்கு நோக்கியது. அங்கே மாலையில் நின்றால் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் குன்றுகளில் மறைந்துவிடும். அம்மாவை அழைத்துக்கொண்டு நீங்கள் போகவேண்டிய இடம் சிடியா டாப்பு.

பெயருக்குப் பறவைத் தீவு என்று பொருள். உண்மையில் அது தனித் தீவு அன்று, தெற்கு அந்தமானின் தென்கோடி. போர்ட் பிளேரிலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர், காட்டுக்குள் வளைந்து செல்லும் சாலை. வண்டி கரையை ஒட்டியே போய் நின்றுவிடும். அம்மா அதிகம் நடக்க வேண்டியதில்லை. அங்கிருந்து முண்டா பஹாட் குன்றின் முனைக்குக் காட்டுப்பாதை ஒன்று போகிறது. அதை இளையவர்கள் பிற்பகலிலேயே நடந்துவிட்டு இருட்டுவதற்கு முன் இறங்கிவிட வேண்டும்.

சிடியா டாப்பில் சூரியன் திறந்த கடலில் விழுவதில்லை. எதிரே ரட்லண்ட் தீவும் அதன் குன்றுகளும், இடையே ஒரு நீரிணையும் இருக்கின்றன. ஆகவே அடிவானம் அடுக்கடுக்கான நிழல்களாகத் தெரியும்: அருகிலிருக்கும் குன்று கருநீலம், அதற்குப் பின்னிருப்பது சாம்பல், அதற்கும் பின்னிருப்பது ஏறக்குறைய புகை. கூடு திரும்பும் கிளிகளின் கூச்சலும் சேர்ந்துகொள்ளும். ராதாநகரின் விரிவு இங்கே இல்லை. ஆனால் இந்த அடுக்கு நிழல்களை ராதாநகர் தராது.

கரையோரத்தில் பட்டுப்போன பெரிய மரங்கள் வெறும் கிளைகளோடு நீர்விளிம்பில் நிற்பதையும் விழுந்து கிடப்பதையும் பார்ப்பீர்கள். படம் எடுப்பவர்களுக்கு அவை மிகவும் பிடித்தமானவை. 2004 டிசம்பர் 26ஆம் தேதி நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமானின் நிலம் ஏறக்குறைய ஒரு மீட்டர் அளவுக்குத் தாழ்ந்தது. அதுவரை எட்டாத இடங்களுக்குக் கடல்நீர் ஏறி, மரங்களின் வேர்களை உப்பில் ஊறவைத்துவிட்டது. வண்டூர் செல்லும் வழியில் சிப்பிகாட் என்ற இடத்தில், வயலாக இருந்த நிலம் நீர்ப்பரப்பாகிக் கிடப்பதும் இதனால்தான். அந்த மரங்களின் பின்னணியில் செவ்வானத்தைப் பார்க்கும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் நம் மக்களைக் கொண்டுபோன அதே நாளின் தடம் அது.

இரண்டாவது மாலை கிடைத்தால் மேற்குக் கரையில் இருக்கும் வண்டூருக்குப் போகலாம். 1921 மலபார்க் கிளர்ச்சிக்குப் பிறகு நாடுகடத்தப்பட்டு வந்தவர்கள் தங்கள் ஊர்களின் பெயர்களையே இங்கும் வைத்துக்கொண்டார்கள். வண்டூர், மஞ்சேரி, திரூர் எல்லாம் அப்படி வந்தவை. எதிரே மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவின் தீவுகள் சிதறிக் கிடப்பதால் இங்கும் தீவுகளுக்குப் பின்னால்தான் பொழுது இறங்கும்.

நீல் தீவில் ராமாயணப் பெயர்கள் என்று கேள்விப்பட்டோம். புதிதாகத் திருமணமானவர்கள் நாங்கள். அங்கே அந்தி எப்படி இருக்கும்?
— இளம் தம்பதியர், கோயம்புத்தூர்

இருவருக்கும் வாழ்த்துகள். நீங்கள் கேள்விப்பட்டது சரிதான். கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்த வங்காள அகதிகள் குடியேற்றப்பட்ட தீவு அது. ஊர்களின் பெயர்கள் ராம்நகர், சீதாபூர், பரத்பூர், லட்சுமண்பூர். இப்போது தீவின் அதிகாரப்பூர்வப் பெயர் ஷஹீத் தீவு. சீதாபூரில் விடியலும் லட்சுமண்பூரில் அந்தியும் என்று மனத்தில் இருத்திக்கொண்டால் திசை தவறாது.

லட்சுமண்பூர் படகுத்துறையிலிருந்து இரண்டு கிலோமீட்டர்தான். மிதிவண்டி வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். கடற்கரை ஒடுங்கி ஒடுங்கி ஒரு மணல் நாக்காகக் கடலுக்குள் நீள்கிறது. வெள்ளை மணலோடு நொறுங்கிய பவளத் துண்டுகள் கலந்திருப்பதால் வெறுங்காலோடு நடப்பது எளிதன்று. கடல் உள்வாங்கியிருக்கும் வற்ற நேரத்தில் பாறைத்திட்டு வெளியே தெரியும். அதன் குழிகளில் தேங்கிய நீரில் ஒவ்வொரு குழிக்கும் ஒரு வானம் இருக்கும். ஏற்றம் மேலே வந்துவிட்டால் இந்தக் காட்சி மாறி, அலை மட்டும் மிஞ்சும். ஏற்றமும் வற்றமும் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும் என்பதால், அன்றைய நேரத்தை விடுதியில் விசாரித்துக்கொள்ளுங்கள். ஒரு வேண்டுகோள்: காத்திருக்கும் நேரத்தில் கை சும்மா இராமல் பவளத் துண்டு பொறுக்கத் தோன்றும். அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். விமான நிலையச் சோதனையில் பறிமுதல் செய்யப்படும்.

முடியுமானால் பயணத்தைப் பௌர்ணமியை ஒட்டி அமைத்துக்கொள்ளுங்கள். பௌர்ணமி நாளில் சூரியன் மேற்கில் மறையும் பொழுதிலேயே நிலவு கிழக்கில் எழுகிறது. தீவு மிகவும் சிறியது. லட்சுமண்பூரில் செவ்வானம் அடங்கியதும் வண்டியில் ஏறினால், கால் மணி நேரத்தில் மறுகோடியில் சீதாபூர் வந்துவிடும். அங்கே, கடலுக்கு மேல் சற்றே உயர்ந்திருக்கும் நிலவைப் பார்க்கலாம். இரண்டையும் ஒரே மாலையில், இரண்டு கடற்கரைகளில் பார்க்கும் வாய்ப்பு பெரிய தீவுகளில் கிடைக்காது.

எந்த மாதத்தில் போனால் மேகம் மறைக்காமல் பார்க்கலாம்?
— வாசகர், ஈரோடு

பிப்ரவரி, மார்ச் மாதங்களையே நான் முதலில் சொல்வேன். ஜனவரியும் ஏப்ரலும் அடுத்த நிலை. நம் ஊருக்கு வருவதற்கு முன்பே தென்மேற்குப் பருவமழை மே மாத மூன்றாம் வார அளவில் அந்தமானைத் தொட்டுவிடும். செப்டம்பர் வரை மேற்கு வானம் பெரும்பாலும் மூடியே இருக்கும். அக்டோபர், நவம்பரில் வங்கக் கடலின் தாழ்வு நிலைகளும் புயல்களும் படகுகளையே நிறுத்திவிடுவதுண்டு.

ஆனால் ஒன்று. மேகமே இல்லாத வானத்தை விரும்பிக் கேட்காதீர்கள். சூரியன் மறையும் இடத்தில், மேற்கே, சற்றுத் திறப்பு வேண்டும். தலைக்கு மேலே பஞ்சு உதிர்த்ததுபோல் உயரமான மேகங்களும் வேண்டும். நிறம் ஏறுவது அவற்றின் மேல்தான். துடைத்துவிட்ட வானத்தில் சூரியன் மஞ்சளாக இறங்கி மறைந்துவிடும், அதோடு முடிந்தது.

சூரியன் மறைந்த பிறகுதான் வானம் அதிகம் சிவக்கிறது என்கிறார்கள். அது எப்படி?
— பதினோராம் வகுப்பு மாணவி, திருநெல்வேலி

நல்ல கேள்வி கேட்டிருக்கிறாய், அம்மா. உச்சி வெயில் காற்றின் ஊடாக நேராக இறங்குகிறது. அடிவானத்திலிருக்கும் சூரியனின் ஒளியோ அதைப்போல ஏறக்குறைய 38 மடங்கு காற்றைக் கிழித்துக்கொண்டு நம் கண்ணுக்கு வரவேண்டியிருக்கிறது. வழியில் காற்றின் மூலக்கூறுகள் நீலத்தையும் ஊதாவையும் நாலாபக்கமும் சிதறடித்துவிடுகின்றன. தப்பி வருவது மஞ்சளும் செம்மஞ்சளும் சிவப்பும்தான்.

சூரியன் கடலுக்குக் கீழே போனபின் தரையிலிருக்கும் நமக்கு அது தெரியாது. ஆனால் எட்டு, பத்துக் கிலோமீட்டர் உயரத்திலிருக்கும் மேகத்துக்கு அது இன்னும் தெரியும். அப்போது ஒளி மேகத்தின் அடிவயிற்றில் கீழிருந்து படுகிறது. அந்த ஒளி கடந்து வந்த காற்றின் தொலைவு இன்னும் அதிகம் என்பதால் சிவப்பும் அதிகம். செக்கர் வானம் என்று நம் முன்னோர் சொன்னது பெரும்பாலும் இந்தப் பொழுதைத்தான். 1883இல் சுந்தா நீரிணையில் கிரகட்டோவா எரிமலை வெடித்தபோது, மேலே போன நுண்துகள்கள் உலகமெங்கும் பரவி, பல மாதங்கள் அந்தியை இரத்தச் சிவப்பாக்கின.

இதில் பயணிகளுக்கும் ஒரு செய்தி இருக்கிறது. அந்தமானில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குவதால், அதன் வட்டம் அடிவானத்தைத் தொட்டு முழுதாக மறைய இரண்டேகால் நிமிடமே ஆகும். அதன் பின் இருபது நிமிடம் சொச்சத்தில் கருக்கல் முற்றிவிடும். ராதாநகரில் நான் பார்த்த அன்று, சூரியன் மறைந்த உடனே கைதட்டல் எழுந்தது. முக்கால்வாசிப் பேர் செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு வண்டி நிறுத்தத்தை நோக்கி நடந்தார்கள். ஏழெட்டு நிமிடம் கழித்து மேகங்கள் ஒரு ஓரத்திலிருந்து பற்றிக்கொண்டதுபோல் செந்நிறமாகி, ஈர மணல் முழுவதும் அந்நிறம் பரவியபோது, அதைப் பார்க்க எஞ்சியிருந்தவர்கள் முப்பது பேர் இருந்தால் அதிகம். தயவுசெய்து அந்த இருபது நிமிடத்துக்காக அமர்ந்திருங்கள்.

மாலையில் கடலில் இறங்கலாமா? முதலை உண்டு என்கிறார்களே?
— வாசகர், நாகர்கோவில்

உண்டு, இதில் விளையாட்டு வேண்டாம். அந்தமானின் கழிமுகங்களிலும் அலையாத்திக் காடுகளிலும் உவர்நீர் முதலைகள் வாழ்கின்றன. 2010இல் ராதாநகரை ஒட்டிய சிறு குடாவில் ஒரு வெளிநாட்டுப் பயணி முதலையிடம் உயிரிழந்தார். வண்டூரிலும் எச்சரிக்கைப் பலகைகள் இருக்கின்றன. அந்தியும் இரவும்தான் அவை நடமாடும் நேரம். சூரியன் சாயத் தொடங்கியதும் நீரை விட்டு வெளியேறிவிடுங்கள். ஓடை கடலில் கலக்கும் இடத்தில் பகலிலும் இறங்காதீர்கள். காவலர்கள் விசில் ஊதினால் ஐந்து நிமிடம் தாருங்கள் என்று கெஞ்சாதீர்கள்.

பாராடாங் தீவுக்குப் போகும் நாளில் அங்கேயே அஸ்தமனம் பார்க்க முடியுமா?
— வாசகி, வேலூர்

முடியாது. ஜாரவா பழங்குடி மக்களின் காப்புக்காட்டின் வழியாகச் செல்லும் சாலையில் வாகனங்கள் குறித்த நேரத்தில், அணியாக மட்டுமே அனுமதிக்கப்படுகின்றன. திரும்பும் கடைசி அணி பிற்பகலிலேயே கிளம்பிவிடும். அந்த மக்களின் நிம்மதி கருதி ஏற்பட்ட விதி அது. அன்று அந்தியைப் பற்றி நினைக்காமல், குகைகளையும் அலையாத்தி ஓடையையும் பார்த்துத் திரும்புங்கள்.

கைப்பேசியில் எடுத்தால் சூரியன் வெறும் வெள்ளைப் பொட்டாக விழுகிறது.
— வாசகர், தூத்துக்குடி

திரையில் சூரியனுக்குப் பக்கத்து வானத்தைத் தொட்டு, வெளிச்சத்தை விரலால் கீழே இழுத்துக் குறையுங்கள். நிறம் திரும்பி வரும். மனிதர்களை நிழலுருவாக விட்டுவிடுங்கள். மற்றபடி நான்கு படம் எடுத்ததும் கைப்பேசியைப் பையில் வைத்துவிடலாம்.

சூரியன் மறையும் கணத்தில் பச்சை ஒளி தோன்றும் என்று படித்தேன். அந்தமானில் அதை எங்கே பார்க்கலாம்? நாங்கள் விமானத்தில் அல்ல, சென்னையிலிருந்து கப்பலில் போகிறோம்.
— ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர், அரக்கோணம்

கடைசி வரியில் நீங்கள் சொல்லியிருப்பதுதான் விடை, ஐயா.

பச்சைக் கீற்று கட்டுக்கதை அன்று. அடிவானத்துக் காற்று ஒரு பட்டகம்போல வேலை செய்து, சூரியனின் நிறங்களை மயிரிழை அளவு மேலும் கீழுமாகப் பிரிக்கிறது. சிவப்பு முதலில் மறைகிறது. நீலம் வழியிலேயே சிதறிப்போய்விடுகிறது. எஞ்சிய மேல்விளிம்பு ஓரிரு நொடிகள் பச்சையாக ஒளிர்ந்து அணைகிறது. இதற்கு முதல் தேவை, தடையற்ற கடல் அடிவானம். சுற்றுலாப் பயணிகள் போகும் தீவுகளில் அது எளிதாகக் கிடைப்பதில்லை. சிடியா டாப்பிலும் வண்டூரிலும் எதிரே தீவுகள். ஹேவ்லாக்கிலும் நீல் தீவிலும்கூட, வானம் தெளிந்த நாளில் மேற்கே தெற்கு அந்தமானின் குன்றுகள் மெல்லிய கோடாகத் தெரியக்கூடும்.

கப்பலிலோ வங்கக் கடல் முழுவதும் உங்களுடையது. சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு ஏறக்குறைய மூன்று நாள் பயணம். கப்பல் கிழக்கு நோக்கிப் போவதால் சூரியன் ஒவ்வொரு மாலையும் பின்பக்கமாக மறையும். எல்லோரும் முன்தளத்தில் கூடியிருக்கும்போது நீங்கள் பின்தளத்துக்குப் போய்விடுங்கள். கப்பல் உழுது வந்த வெள்ளைத் தடம் நேரே சூரியனை நோக்கி நீண்டு கிடக்கும். கடிகாரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்: முதல் நாள் மறைந்த நேரத்தைவிட அடுத்த நாள் கால் மணி நேரத்துக்கும் சற்றுக் கூடுதலாக முன்னதாகவே மறையும். மதுரை ஆசிரியரைத் தடுமாற வைத்த அந்த 50 நிமிடம், உங்களுக்கு நாளுக்கு ஒரு பங்காகக் கண்ணெதிரே கரையும்.

வட்டத்தை உற்றுப் பார்க்காதீர்கள். கண் கூசி, கடைசியில் எதுவுமே பச்சையாகத் தெரிவதுபோல் மயங்கிவிடும், கண்ணுக்கும் கேடு. தொலைநோக்கியை எடுக்கவே வேண்டாம். பார்வையைக் கடலில் வைத்திருந்து, மேல்விளிம்பு மட்டும் ஒரு நெல்மணி அளவுக்கு மிஞ்சும்போது நிமிர்ந்து பாருங்கள். அடிவானம் கத்தியால் வெட்டியதுபோல் கூர்மையாக இருக்கும் மாலைகளில்தான் வாய்ப்பு அதிகம். உங்களுக்குக் கிடைப்பது மூன்று மாலைகள். தென்பட்டால், எந்த நாள், எத்தனை மணிக்கு என்று குறித்து எனக்கு எழுதுங்கள்.